கைப்பிடி தூக்க வராத காலை

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குள் பிரிந்து போகும் ரயில் பாதையில், அதாவது சைடிங்கில், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துவிடுவது என் வேலை. கழித்துப்போட்ட பழைய பெட்டி ஒன்று அங்கே ஓரமாக நிற்கிறது. அது ஓடிய காலத்தில் ஆள் இரண்டு பெட்டிக்கு நடுவில் நுழைந்து, அவற்றை இணைக்கும் திருகாணியைக் கழற்ற வேண்டும். இப்போது பக்கவாட்டில் நீளக் கைப்பிடி வந்துவிட்டது. வெளியே நின்று தூக்கினாலே கொக்கியின் பூட்டு விட்டுவிடும்.

ஆனாலும் எனக்குப் பயம். ஒவ்வொரு முறையும் வாக்கிடாக்கியில் எஞ்சின் டிரைவரிடம், "வண்டி நகராதுல்லண்ணே?" என்று கேட்பேன்.

"ஆரம்பிச்சிட்டாருய்யா பயந்தாங்குளி மாப்ள!" என்பான் கூட வேலை பார்க்கும் செல்வராசு. எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று காலை கைப்பிடி இறுகிக்கொண்டு தூக்க வரவில்லை. சிரிப்பார்களே என்று டிரைவரிடம் கேட்காமலேயே பெட்டிகளுக்கு நடுவில் நுழைந்து, கல்லால் பூட்டைத் தட்டினேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஜல்லியில் போய் விழுந்தேன். நான் உள்ளே இருந்தது தெரியாமல் டிரைவர் வண்டியைத் தள்ள, நான் நின்ற இடத்தில் இரண்டு பெட்டிகளும் நெருங்கி மோதின.

இழுத்தவன் செல்வராசு. "தெனம் கேப்பியே, இன்னிக்கு ஏன் மாப்ள கேக்கல? ஒன் சத்தம் வரலையேன்னுதான் ஓடியாந்தேன்."

எனக்கு நடுக்கம்கூட வரவில்லை. மதியம் சோறு தின்றேன், என்ன குழம்பென்று தெரியவில்லை. இன்னும் உள்ளே மரத்துப்போய்த்தான் இருக்கிறது. இப்போதும் கேட்கிறேன், அவனும் கிண்டலடிக்கிறான். அவன் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கைப்பிடியில் கை வைக்கிறேன்.