பன்னிரண்டு கோரும் ஐம்பத்தொரு தாம்பாளமும்

போன வாரம், சென்னையில் படிக்கும் அண்ணன் மகள் யாழினி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிராசஸர், கம்ப்யூட்டரின் மூளை. ஒன்று ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டிய சர்வர் பிராசஸர். பதினெட்டு கோர், அதாவது உள்ளே பதினெட்டு வேலையாள்; அடிமாட்டு விலை. இன்னொன்று கடையில் புதிதாக விற்கிற டெஸ்க்டாப் பிராசஸர், ஆறே கோர். கீழே, "அத்தை, எனக்கு கேமும் ஆடணும், வீடியோ எடிட்டிங்கும் பண்ணணும். எதை வாங்க?" என்று கேள்வி.

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இதைப் போய் என்னிடம் கேட்டாள் பாருங்கள். "இரு, நம்ம வீட்டுலயே ஒரு சர்வர் கிடக்கு. நம்பரைப் பாத்துச் சொல்றேன்" என்று பதில் போட்டுவிட்டு, தையல் மெஷினுக்குக் கீழே பழைய சேலை போர்த்திக் கிடந்த கேபினெட்டை இழுத்தேன். சேலையை எடுத்ததும் குப்பென்று சாம்பிராணி வாசம். எத்தனை வருஷம் ஆயிற்று, இன்னும் போகவில்லை.

கம்ப்யூட்டருக்குள் சாம்பிராணி எப்படி வந்தது என்றால், அது முனியசாமி அண்ணன் வேலை. உச்சிப்புளியில், இராமேஸ்வரம் ரோட்டைப் பார்த்த மாடியில் அவருக்கு ஒரு வீடியோ ஸ்டுடியோ இருந்தது. கல்லூரி முடித்த கையோடு எடிட்டிங் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். "கம்ப்யூட்டர் படிச்சிட்டு காதுகுத்துப் படத்தை வெட்டவா போற?" என்று எங்கள் அய்யா கேட்டார். வெட்டத்தான் போனேன். காலையில் கடை திறந்ததும் முனியசாமி அண்ணன் முதலில் சாமி படத்துக்கு, பிறகு கேமராவுக்கு, பிறகு இரண்டு கம்ப்யூட்டருக்கும் சாம்பிராணி காட்டுவார். காற்றாடி அதை ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். "அண்ணே, அதுக்கும் மூச்சு முட்டும்ணே" என்று சேகு அண்ணன் தினமும் சொல்வார். முனியசாமி அண்ணன் தினமும் காட்டுவார்.

சேகு அண்ணன் என்னோடு வேலை பார்த்த இன்னொரு எடிட்டர். வளைகுடாவில் ஏதோ கம்பெனியின் சர்வர் அறையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது மற்றவர்கள் கம்பளி, தைலம் கொண்டுவருவார்கள். இவர் அங்கே கழித்துப்போட்ட ஒரு சர்வர் பிராசஸரையும் போர்டையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பன்னிரண்டு கோர். அதற்கு ஒரு கேபினெட் தேடி, கையாலேயே பூட்டி, ஸ்டுடியோவில் மேசைக்கடியில் வைத்தார். அதை ஓட விட்டால் வருகிற இரைச்சல் இருக்கிறதே! கடற்படை விமானதளத்து ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலே அடிக்கடி போகும். சர்வர் ஓடும்போது மட்டும் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

என் மேசையில் இருந்தது டெஸ்க்டாப். நாலே கோர்தான், ஆனால் ஒவ்வொன்றும் சூட்டிகை. யாழினிக்கு இந்த வித்தியாசத்தை விளக்க எனக்கு எங்கள் ஊர்க் கணக்குதான் வந்தது. மிளகாய்ப் பழம் எடுக்கப் பன்னிரண்டு பேர் இறங்கினால் அவரவர் பாத்தியை நிதானமாகப் பார்த்து மத்தியானத்துக்குள் கொல்லையை முடித்துவிடுவார்கள். நீளமான வீடியோவை முழுசாக்கி எடுக்கிற வேலை, ரெண்டரிங் என்பது, அப்படித்தான்; பிரித்துக் கொடுக்கலாம். பனை ஏறுவதற்குப் பன்னிரண்டு பேர் எதற்கு? ஒருத்தர்தான் ஏற முடியும், அவர் வேகமாக ஏற வேண்டும். கேம் என்பது பெரும்பாலும் பனையேற்றம்.

கேம் என்றதும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் ஒரு ஆன்லைன் கார் ரேஸில் பைத்தியமாக இருந்தேன். பனி மூடிய மலைப்பாதை. பனியை நான் ஐஸ்பெட்டிக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புளிச்சோற்று டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மலையில் என்னை மாதிரி கார் ஓட்ட ஆள் கிடையாது என்று நினைப்பு. அந்த விளையாட்டின் பட்டியலில் பதினோராவது இடத்தில் இருந்தேன். பத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது ஒரு வெறி.

அப்போதுதான் முனியசாமி அண்ணன் குண்டைப் போட்டார். "ரெண்டுல எது தேவலைன்னு டெஸ்ட்டு வச்சு எழுதிக் குடுங்க. செயிக்கிற மாதிரியே இன்னொண்ணு வாங்குவோம். மத்ததைக் கழிச்சு விட்ருவோம்."

சர்வர் ஜெயித்தால் என் டெஸ்க்டாப் போய்விடும். என் மலையும் போய்விடும். இதுதான் என் கவலை. ஸ்டுடியோவின் எதிர்காலம் பற்றி எல்லாம் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சேகு அண்ணன் ஜும்ஆவுக்குக் கிளம்பினார். "டெஸ்ட்டை நீயே ஓட விட்ருமா, வாரேன்" என்று நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் மூன்று மணி நேரப் படத்தை விட்டுவிட்டு ஐந்து நிமிஷப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது போதாதென்று, சர்வரில் மட்டும் பின்னால் வைரஸ் ஸ்கேனை ஓட விட்டேன். டெஸ்க்டாப் ஏழு நிமிஷம், சர்வர் இருபத்தொரு நிமிஷம். கோடு போட்ட தாளில் கட்டம் கட்டி, அழகாக எழுதி வைத்தேன். எழுத்து அவ்வளவு திருத்தமாக வந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தொழுகை முடிந்து வந்த சேகு அண்ணன் தாளைப் பார்த்தார். "அப்புடியா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சனிக்கிழமை எங்கள் கொல்லையில் மிளகாய் எடுப்பு என்று நான் லீவு. திங்கட்கிழமை வந்தபோது சர்வரை விற்க முனியசாமி அண்ணன் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த வாரம்தான் வாலிநோக்கம் பக்கத்து ஊர் ஒன்றில் பாண்டியம்மா அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. அக்காவும் அவருடைய அண்ணன் இருளப்பனும் வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? ஊரே பேசி முடித்து, இருளப்பன் அண்ணன் சீர் கொண்டுவந்தார். கொட்டு மேளத்தோடு ஐம்பத்தொரு தாம்பாளம். வாழைத்தார், குக்கர், பிள்ளைக்கு மூன்று சக்கர சைக்கிள் வரை. பிள்ளையின் அப்பா மலேசியாவில் இருந்தார், வர முடியவில்லை. அவருக்கு வீடியோ கொண்டுபோக ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புறப்படுகிறார்.

சனிக்கிழமை காலை படத்தைக் கோர்த்துப் பார்த்தேன். முழுசாக எடுக்க என் மெஷின் பதினெட்டு மணி நேரம் கேட்டது. முனியசாமி அண்ணனோ ராத்திரி மெயின் சுவிட்சை அணைக்காமல் கடையைச் சாத்த மாட்டார். சர்வரில் போட்டிருக்கலாம். ஆனால் உதவாக்கரை என்று நானே எழுதிக்கொடுத்த மெஷினிடம் எந்த முகத்தோடு போவது? இன்னொன்றும் உண்டு, மத்தியானம் ரேஸுக்கு மெஷின் வேண்டும். சீர் ஊர்வலம் நாற்பது நிமிஷம் நீண்டது. அதை மூன்று நிமிஷமாக்கி, ஸ்லோமோஷனில் ஒரு பாட்டைப் போட்டு முடித்தேன்.

"சீரை வெட்டிட்டியேமா" என்றார் சேகு அண்ணன்.

"எல்லாம் ஒரே தட்டுதானேண்ணே. பாக்க போர் அடிக்கும்."

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் தங்கச்சியும் மாடியேறி வந்தார்கள். ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. சீர் வந்தது, பாட்டு வந்தது, முடிந்தது. இருளப்பன் அண்ணன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"ஏத்தா, பதினாலுதான் வருது. மிச்சத் தட்டெல்லாம் எங்கன?"

என்னைத்தான் கேட்டார். நான் மவுஸைச் சும்மா உருட்டினேன். அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "என் சீரு ஒன் மாப்பிள்ளை கண்ணுல படக் கூடாதுன்னு நீதான் சொன்னியா?"

"அய்யோ, நான் எதுக்குண்ணே அப்புடிச் சொல்லப்போறேன்?" பாண்டியம்மா அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருளப்பன் அண்ணன் துண்டை உதறி எழுந்துவிட்டார். ஊரே கூடிச் சேர்த்து வைத்த உறவை ஒரு கார் ரேஸுக்காக நான் வெட்டிவிட்டேன் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

"உக்காருங்கண்ணே. இது சும்மா பாட்டுக்குக் கட் பண்ணுனது. முழுப் படம் இங்கன ஓடுது" என்று சேகு அண்ணன் மேசைக்கடியைக் காட்டினார். ஹெலிகாப்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இரைச்சல் அதுதான். காலையில் ஆறு மணிக்கே வந்து, சாவி வாங்கிக் கடை திறந்து, ஒரு தட்டு விடாமல் முழுசாக சர்வரில் ஏற்றியிருக்கிறார். திரையில் தொண்ணூறு சதவீதம். "இன்ஷா அல்லா முக்கா மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்று சொல்லி டீ வாங்க ஆள் அனுப்பினார்.

முக்கால் மணி நேரம் அந்தப் பச்சைக் கோட்டை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. எவ்வளவு நேரம்தான் கோட்டைப் பார்ப்பது? "சைக்கிள்ல ஒக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கிறானாமே?" என்றார் இருளப்பன் அண்ணன், கோட்டைப் பார்த்தபடியே. "சோறு கூட அதுல ஒக்காந்துதாண்ணே திங்கிறான்" என்றார் அக்கா. தொண்ணூற்றாறில் வரப்புப் பேச்சு வந்தது, எனக்குப் பக்கென்றது. ஆனால் வேலி போடுகிற யோசனையாகத்தான் வந்தது. நூறு ஆனபோது அவர்கள் கவனிக்கவே இல்லை. சேகு அண்ணன்தான் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இருளப்பன் அண்ணன் ஐம்பத்தொன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுதான்யா மிசினு" என்று கேபினெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் முனியசாமி அண்ணன் கேட்டார், "ஏலே சேகு, இம்புட்டு நல்லா ஓடுறது டெஸ்ட்டுல ஏன்டா படுத்துச்சு?"

"அன்னைக்கு வெக்கை சாஸ்திண்ணே. சூடாகியிருக்கும்."

என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. சர்வர் விற்கப்படாமல் தப்பியது. என் டெஸ்க்டாப்பும் தப்பியது. நான் உண்மையைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் வரவில்லை. சேகு அண்ணன் மறுபடி வளைகுடாவுக்குப் போனார். அவர் விட்டுப்போன சர்வர், ஸ்டுடியோவை மூடியபோது என் வீட்டுக்கு வந்தது.

அதைத்தான் போன வாரம் திறந்தேன். திருகுகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து அழவைத்தன. மூடி கழன்றதும் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிய தாள். என் கோடு போட்ட கட்டம், என் கையெழுத்து: ஏழு, இருபத்தொன்று. அதற்குக் கீழே சேகு அண்ணன் எழுத்து. "சனிக்கிழமை. ஸ்கேன் இல்லாமல் அதே பாட்டு: டெஸ்க்டாப் 7, சர்வர் 8. ஒரு மணி நேரப் படம்: சர்வர் ரெண்டே கால் மணி, டெஸ்க்டாப் ஆறு மணி. கார் கேம்: சர்வரில் நின்று நின்று போகிறது. டெஸ்க்டாப்பில் தண்ணி மாதிரி போகிறது. புள்ளைக்கு அந்த மெஷினே இருக்கட்டும்."

நான் மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமையே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தன் மெஷின் விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

தாளைப் படம் எடுத்து யாழினிக்கு அனுப்பினேன். இதைவிட நல்ல ஒப்பீடு அவளுக்கு எங்கே கிடைக்கும்? "அத்தை, அப்ப கேமுக்கு டெஸ்க்டாப்தானே?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். எடிட்டிங்? அதெல்லாம் இப்போது முப்பது விநாடி ரீல்ஸ்தானாம். ஐம்பத்தொரு தட்டை எண்ண யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

அதே படத்தை சேகு அண்ணனுக்கும் அனுப்பி, "அன்னைக்கு ஸ்கேன் ஓட விட்டது நான்தாண்ணே" என்று எழுதினேன். ராத்திரி குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ காற்றாடி இரைச்சல். ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. அந்தப் பனி மலையில கடைசியா பத்துக்குள்ள வந்தியா இல்லையா?"

அந்த விளையாட்டைக் கம்பெனிக்காரர்கள் மூடி நாலைந்து வருஷம் ஆகிறது. மலையும் இல்லை, பட்டியலும் இல்லை. எட்டாவது இடம் என்று சொன்னாலும் இனி யாராலும் சரிபார்க்க முடியாது.

"இல்லண்ணே. பதினொண்ணுதான்" என்று அனுப்பினேன்.