சைவ அத்தி இருக்கா?

செடி விற்கிறவனிடம் செடி கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. முக்கால்வாசிப் பேர் பழத்தைத்தான் கேட்டு வருகிறார்கள். சேரன்மகாதேவி ரோட்டில் நானும் என் மனைவி செண்பகமும் நர்சரி வைத்திருக்கிறோம். மா, கொய்யா, நெல்லி என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு. அத்திப்பழம் தின்றால் ரத்தம் ஊறும், முடி வளரும், மலச்சிக்கல் போகும் என்று செல்போனில் எவனோ சொல்லப்போக, அன்றைக்குப் பிடித்தது சனி.

எங்கள் வெயிலுக்குத் தாங்குவது பூனா அத்தி. தொட்டியிலும் வரும், இரண்டாம் வருடமே காய்க்கும். இதைச் சொன்னால் போதும் என்று நினைத்த அப்பாவி நான். செடி வாங்கி வாடவிட்டவர்களும், செடி விற்று வசவு வாங்கியவர்களும் இதை ஒன்றாகவே உட்கார்ந்து படிக்கலாம். அவஸ்தை ஒன்றுதான்.

ஆற்றுத் தண்ணீர்

பாபநாசம் பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவர் மூன்று கன்று வாங்கினார். அத்திக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது, மேட்டில் நடுங்கள். மலையடிவாரத்தில் மழையும் ஜாஸ்தி, பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துப் புளித்துப் போகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, அழுகிய வேரோடு மூன்றையும் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார். எங்கே நட்டாராம்? வாய்க்கால் ஓரத்தில். நெல்லுக்கும் வாழைக்கும் போகிற தண்ணீர் இதற்கும் போகட்டுமே என்ற தாராள மனசு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல தாமிரபரணித் தண்ணியக் குடிச்சிட்டுச் சாவுத செடிய இப்பதாம்வே பாக்கேன். இது எந்த ஊரு எழவு?"

முருகன் வண்டி

திருச்செந்தூரில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் மொட்டைமாடிக்கு இரண்டு பூனா கேட்டார். கடற்காற்றில் இலை கருகலாம், கிழக்கே ஒரு தட்டி வையுங்கள், தொட்டி மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்துவிடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொன்னபடியே செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். சொன்னபடியே காய்த்தது. எனக்கே ஆச்சரியம்.

ஆனால் போன் வந்தது. பழுக்கப் பழுக்க மயில் வந்து தின்றுவிடுகிறதாம், ஒன்றுகூட வாய்க்கு எட்டவில்லையாம். இதற்கா கவலை, ஒரு வலையைப் போட்டு மூடுங்கள் என்றேன்.

"அண்ணாச்சி, நான் வலையப் போட்டு மயில நிறுத்திருவேன். அதுல ஏறி வாறவரு வாசல்லதான எனக்குப் பொழப்பு, அத யோசிச்சேளா?"

வாசல் மரம்

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சியில், உள்ளங்கை அகலப் பழப் படத்தைப் பார்த்து மயங்கி, துருக்கி அத்தி என்று ஒரு கன்று வாங்கிவந்தேன். ஊருக்கெல்லாம் 'உங்கள் ஊருக்கு ஏற்ற ரகம் பாருங்கள்' என்று உபதேசம் செய்கிறவன், எனக்கு வாங்கும்போது படத்தைத்தான் பார்த்தேன். நர்சரி வாசலில் நட்டேன். ராஜா மாதிரி வளர்ந்தது. கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு விடும், பிறகு அத்தனையும் உதிரும். வருடா வருடம் இதே கதை. அந்த ரகத்துக்கு மகரந்தம் கொண்டுவர ஒரு பொடிக் குளவி வேண்டுமாம். அந்தக் குளவி நம் பக்கமே கிடையாதாம். இது எனக்குத் தெரிந்தபோது மரம் ஆள் உயரம் தாண்டிவிட்டது.

வெட்டவும் மனசில்லை, வருகிறவர்களிடம் ஒப்புக்கொள்ளவும் மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஜங்ஷன் பழக்கடையில் நாலு அத்திப்பழம் வாங்கி, பச்சை நூலால் கிளையில் கட்டிவிட்டேன். வாட வாடப் புதுசு மாற்றினேன். அப்போதெல்லாம் அந்த மரத்தில் ஒரு குச்சிகூட யாருக்கும் விற்றதில்லை. ஆனால் வாசலில் பழத்தைப் பார்த்து வாய் ஊறி உள்ளே வந்து பூனா வாங்கிப் போனவர்கள் உண்டு. நான் முடிச்சுப் போடுவதைச் செண்பகம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்கு முருங்கை மரத்துல மல்லியப்பூவையும் கெட்டி வையுங்க. வாசமும் வரட்டும்."

முப்பது வருடக் குளவி

எங்கள் பிழைப்பில் பாதி திருநெல்வேலி டவுணிலிருந்து வருகிறது. அதில் முக்கால்வாசி ஒரே ஆள் சொல்லி வருகிறது. ரத வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சார்வாள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முட்டை போட்டிருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடாத சுத்த சைவம். அவர் நல்ல செடி என்றால் தெருவே வாங்கும். ஆகாது என்றால் தெருவே திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் முகமெல்லாம் வெளிறி வந்தார். அத்திப்பழத்துக்குள் குளவி புகுந்து செத்துக் கிடக்கும் என்று பேரன் வீடியோ காட்டிவிட்டான். குளவி புகாத ரகம், சைவ அத்தி, இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார்வாள், பூனாவுக்குக் குளவியே வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பியவர், படியிறங்கும்போது நின்றார்.

"முப்பது வருசமா தெனம் ரெண்டு பழம் ஊறவச்சுத் தின்னிருக்கேன்வே. எத்தன குளவின்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். ராத்திரி தூக்கம் வரல."

நூல்

அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். வந்தவர் நேராக உள்ளே வரக்கூடாதா? வாசல் மரத்தடியில் நின்று, குளவி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழத்தைப் பிடித்து இழுத்தார். பழம் வந்தது. கூடவே அரை முழம் பச்சை நூலும் வந்தது.

நூலைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். இவர் டவுணுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். காக்கா கட்டியது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். செண்பகம் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வெட்கத்தோடு எல்லாவற்றையும் கொட்டினேன். "நான்தான் கட்டினேன் சார்வாள். இது காய்க்காது. இதுக்குக் குளவி வேணும், அந்தக் குளவி நம்ம ஊருல இல்ல. ஊரை ஏமாத்தினது தப்பு. உங்களுக்குப் பூனாதான் சரி, அதுல குளவி கிடையாது, நல்லாக் காய்க்கும்."

அவர் வையவில்லை. உள்ளே போய்ப் பூனாச் செடியில் தொங்கிய பழங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வெளியே வந்து துருக்கி மரத்தில் நூல் கட்டாத வெறுங்கிளைகளை அதைவிட அதிக நேரம் பார்த்தார். வகுப்பில் விடையைக் கண்டுபிடித்த பையனின் சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது.

"பூனாவுல குளவி வரலன்னு நீரு சொல்லுதேரு, நூல் கெட்டின ஆளு, எப்படி நம்ப? பழம் இருந்தா சந்தேகமும் இருக்கும்லா. இதுல பழமே கெடையாது, பாவத்துக்கு வழியே இல்ல. அந்த நூல மட்டும் அவுத்துப் போட்டுட்டு, இதுல ஒரு கன்னு போட்டுக் குடும்வே!"

இன்றைக்கு ரத வீதியில் பதினோரு மொட்டைமாடிகளில் அந்த மரம் தளதளவென்று நிற்கிறது. நான் விற்றதில், காய்க்கவில்லை என்று யாரும் என்னை ஏசாத ஒரே ரகம் அதுதான்.