படத்தில் இருந்த பச்சை

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்தக் கல் பச்சையாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் வெளுத்து, ஓரத்தில் பழுப்பேறி, ஒரு பக்கம் மட்டும் பாசி படிந்ததுபோல லேசான பசுமை ஓடியது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கல், நடுவில் துளை. சீன தேசத்தில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோன யாரோ ஒருவரின் நெஞ்சின்மீது வைத்துப் புதைத்தது என்று பக்கத்தில் இருந்த அட்டை சொன்னது. அட்டையைப் படித்தேன், கல்லைப் பார்த்தேன், மறுபடியும் அட்டையில் இருந்த சேகரிப்பு எண்ணைப் படித்தேன். எண் சரிதான். ஆறு வருஷங்களுக்கு முன்னால் திருப்பூரில் எங்கள் கம்பெனியில் பனியன் துணியில் நாங்கள் அச்சடித்தது இந்தக் கல்லைத்தான். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களைப் பார்ப்பதற்காக முதல்முறையாக வெளிநாடு போயிருந்தேன். ஒரு மத்தியானம் மிச்சமிருந்தது. அந்த அச்சுக்கு ஆர்டர் கொடுத்த மியூசியம் அதே ஊரில்தான் என்பதால் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். என்னை உள்ளே அழைத்துப்போன மியூசியக் கடைப் பெண்மணி, நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மாதிரிக்கு அனுப்பிய பழைய புத்தகத்தில் அந்தப் படம் ரொம்பப் பச்சையாக விழுந்துவிட்டது, புதிய பதிப்பில் சரிசெய்துவிட்டோம் என்று சிரித்தபடி சொன்னார். அவருக்கு அது சின்ன அச்சுப்பிழை. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பிரிண்டிங் மாஸ்டரின் முகம் வந்து முன்னால் நின்றது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுப் பையர் கேட்பதைக் கேட்டபடி செய்து வாங்கி அனுப்புவது என் வேலை. வெள்ளகோவில் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பம் எங்களுடையது. பெண் பிள்ளை கம்பெனிக்கு வேலைக்குப் போவதா என்று வீட்டில் ஒரு வருஷம் பேச்சு நடந்தது. அதைத் தாண்டி வந்தவள் என்பதால் எனக்கு எல்லாவற்றிலும் ஜெயித்தாக வேண்டியிருந்தது. மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். வலது கை விரல்களில் எப்போதும் முந்தின நாள் கலர் ஒட்டியிருக்கும். அவர் மனைவி எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. நான் அவரை அக்கா என்பேன். பிள்ளைகள் கிடையாது. திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் ஒரே சைக்கிளில் வந்து இறங்குவார்கள்.

மியூசியம் ஒன்று தன் சீனச் சேகரிப்பைப் பற்றிப் புதிதாகக் கண்காட்சி வைக்கிறது, அங்குள்ள கடையில் விற்க டி-ஷர்ட் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கூடவே ஒரு கனமான புத்தகம். அதில் மூன்று படங்களில் காகிதம் செருகி அனுப்பியிருந்தார்கள். ஒன்று மூன்று கால் வைத்த வெண்கலப் பாத்திரம், இன்னொன்று மண்ணால் செய்து மெருகு பூசிய ஒட்டகம், மூன்றாவது ஜேட் கல். ஜேட் என்று யாருக்கும் வாயில் வராததால் கம்பெனியே அதைப் பச்சைக் கல் என்றது. வழக்கமாகப் பையர்கள் கலருக்கு எண் கொடுத்துவிடுவார்கள். இவர்கள் எண் எதுவும் தரவில்லை. படத்தில் இருப்பதுபோலவே வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மாஸ்டர் புத்தகத்தை வாங்கி வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுத்தான் திறந்தார். வெண்கலத்தைப் பார்த்ததும், "இது களிம்பு மேடம். எங்க ஊர்க் கோயில் மணியில இப்படித்தான் பூத்துக் கெடக்கும்" என்றார். கோயில் என்று அவர் சொன்னது அவர்கள் ஊர்ச் சர்ச்சை. அந்த மணியை நினைவில் வைத்தே ஒரே தடவையில் அந்தக் கலரைக் கொண்டுவந்தார். ஒட்டகமும் இரண்டாம் தடவையில் சரியாகிவிட்டது. கல்தான் படியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒட்டகத்தின் மேல் வழிந்திருந்த பழுப்பு மெருகைக் காட்டி, "நம்ம ஊறுகாய் ஜாடி" என்று சிரித்தார். இதெல்லாம் எதற்குச் செய்தது என்று என்னிடம் கேட்டார். நான் இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். எல்லாமே சமாதிக்குள் கிடைத்தவை. போகிறவர்கள் அங்கே தனியாக இருக்கக் கூடாது என்று பாத்திரமும் ஒட்டகமும் கூட வைத்தார்களாம். கல்லை நெஞ்சில் வைத்தால் உடம்பு கெடாது என்று நம்பினார்களாம். அக்கா கல்லின் படத்தின்மேல் விரலை வைத்தார். "தொட்டா குளுகுளுன்னு இருக்கும்லா மேடம்" என்றார். பிறகு தன் கணவரைப் பார்த்து, "இதச் சரியா பண்ணிருங்க. ஒருத்தர் நெஞ்சுல இருந்தது" என்றார். மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

துணியில் அச்சடித்து ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரிக்கு எங்கள் பக்கம் ஸ்ட்ரைக்-ஆஃப் என்று பெயர். கல்லுக்கு அனுப்பிய முதல் ஸ்ட்ரைக்-ஆஃப் திரும்பி வந்தது, செத்த பச்சையாக இருக்கிறதாம். வெள்ளையைக் குறைத்து மஞ்சளைக் கூட்டி அனுப்பினோம். அது மாங்காய் நிறம் என்று திரும்பி வந்தது. படத்தில் அந்தக் கல்லுக்குள் விளக்கு வைத்ததுபோல ஒரு வெளிச்சம் இருந்தது. துணியில் அது வரவேயில்லை. மூன்றாவதும் திரும்பியபோது, அடுத்ததும் சரியில்லை என்றால் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன்னால முடியுமா கண்ணு, இல்ல வேற ஆளு பாக்கட்டுமா?" என்று கேட்டார். கோபமாகக்கூட அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார். அது எனக்கு உறைத்தது.

அந்த நாட்களில்தான் அக்காவுக்கு முடியாமல் போனது. கொஞ்ச காலமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. இருதயத்தில் வால்வு பழுது, ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காவின் தங்கை ஊரிலிருந்து வந்து துணைக்கு இருந்தார். மாஸ்டர் தினமும் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆபரேஷன் குறித்திருந்த நாளன்று அவர் லீவு சொல்லியிருந்தார். ஆனாலும் காலையில் வந்துவிட்டார். நான்காவது ஸ்ட்ரைக்-ஆஃப் அன்று மத்தியானம் கொரியரில் போயாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பத்தரை மணிக்கு முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பத்தரைக்கு வந்த பிரிண்டும் சரியில்லை. ஈரத்தில் அருமையாக இருந்தது, சூடு காட்டி உலர்த்தியதும் ஒரு படி இறங்கிவிட்டது. மாஸ்டர் துணியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படத்தின் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார், "அடியில வெள்ள ஒரு கை, அது காஞ்ச பிறகு மேல கண்ணாடி மாதிரி லேசான பச்ச ஒரு கை. அப்படிப் போட்டா வெளிச்சம் வரும் மேடம். ஆனா அதுக்குன்னு இன்னொரு அச்சு ஸ்கிரீன் பண்ணணும். நாளைக்குப் பண்ணித் தாரேன்."

"நாளைக்கு ஆகாதுங்க மாஸ்டர். இன்னைக்குப் போகாட்டி ஆர்டரே போயிருமுங்க."

"ஒரு மணிக்கு அவள உள்ள கொண்டு போயிருவாங்களாம். அதுக்கு முன்னால வந்துரணும்னு சொல்லிருக்கா."

அவர் கெஞ்சவில்லை. நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "ஆபரேசன்னா சொன்ன நேரத்துக்கு எங்கீங்க ஆரம்பிக்கறாங்க? எப்படியும் ரெண்டு மூணு ஆயிருமுங்க. நீங்க இத முடிங்க, கம்பெனி கார்லயே அனுப்பி வெக்கறனுங்க." ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. என் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் ஆபரேஷன் நடந்ததில்லை. ஆனால் அன்று ரொம்பத் தெரிந்தவள்போலப் பேசினேன். மாஸ்டர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி மேடம்" என்று உள்ளே போனார்.

பன்னிரண்டரை மணிக்குத் துணி வெளியே வந்தது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தேன். எது படம், எது துணி என்று ஒரு கணம் மனசு தடுமாறியது. அந்த வெளிச்சம் அப்படியே வந்திருந்தது. நான் கைதட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். சந்தோஷப்பட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மாஸ்டர் கையைக்கூடக் கழுவாமல் காரில் ஏறினார். கார் கோயம்புத்தூர் போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது. அக்காவைச் சரியாக ஒரு மணிக்கே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். டாக்டர்கள் பயந்தபடியே நடந்தது. சாயங்காலம் கம்பெனிக்குப் போன் வந்தபோது எடுத்தது நான்தான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரையும் குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் நடந்ததைச் சொன்னார். ஸ்டிரெச்சரில் ஏற்றுமுன் அக்கா ஒரு தடவை, "வந்துட்டாங்களா" என்று கேட்டாராம். கதவு வரைக்கும் போனபிறகு தலையைத் தூக்கி இன்னொரு தடவை கேட்டாராம். வந்துட்டு இருக்காங்க என்று தங்கை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் ஊரிலிருந்து வந்த உறவினர்களை என்னிடம் கூட்டிவந்தார். "எங்க மேடம். அன்னைக்கு இவங்கதான் கார் குடுத்து அனுப்புனாங்க" என்று அறிமுகப்படுத்தினார். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றுள் மிகவும் கூசிப்போகிற காரியம் அந்தக் கும்பிடுதான்.

ஸ்ட்ரைக்-ஆஃப் ஒப்புதலாகி வந்தது. பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார்கள். மாஸ்டர் முப்பதாம் நாள் பூசையை முடித்துவிட்டு வந்தார். அந்த ஆர்டரை வேறு யாரிடமும் விடவில்லை, முழுவதையும் அவரே நின்று அடித்தார். மேசையில் வரிசையாக விரித்த துணிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பச்சை வட்டம் விழுந்துகொண்டே போகும். அவர் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று பார்ப்பார். சரக்குப் போன மறுவாரம் வேலையை விட்டு நின்றுவிட்டார். மண்ணரையிலேயே ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குச் சம்பள உயர்வும் தனி அறையும் கிடைத்தன. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வழியில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

மியூசியத்திலிருந்து திரும்பி வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மண்ணரைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டே போனேன். அதே லைன் வீடு. கதவு திறந்திருந்தது. மாஸ்டர் மெலிந்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. பாயை விரித்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டார். அடுத்த வீட்டில் வடக்கத்திப் பையன்கள் ஏதோ இந்திப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள். நான் அந்த மியூசியம் இருக்கிற ஊருக்குப் போய்வந்ததைச் சொன்னேன். அவர் காப்பி ஆற்றுவதை நிறுத்தினார்.

"அந்தக் கல்லப் பாத்தியளா மேடம்?"

"பார்த்தனுங்க."

"எப்படி இருந்துச்சு? கலர் சரிதானா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவலை நான் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. "அச்சு அசலா நீங்க போட்ட அதே கலருங்க மாஸ்டர்" என்றேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது பொய். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப சரி" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "சரியா பண்ணிருங்கன்னு அவ சொன்னா" என்றார். டம்ளரை என் முன்னால் வைத்தார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. காப்பியைத் தொடாமல், "மாஸ்டர், அன்னைக்கு நான் உங்கள..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேண்டாம் மேடம். அத நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டியன்னா, நான் உங்கமேல கோவப்படணும். இத்தன வருசமா அது வராமப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குரல் உயரவில்லை. ஒரு மணிக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள் என்று அன்று சொன்னாரே, அதே குரல். சரிங்க என்றேன். ஆறிப்போகுது, குடிங்க என்றார். நான் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளரைக் கழுவ அத்தனை நேரம் ஆகாது. எழுந்து போய்விடச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல், அவர் திரும்பி வருகிற வரைக்கும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.