உம்மாவைப் பற்றி ஏழு வரிகள்

கடல் ஊருக்குள் வந்துபோன இரண்டாவது வருடம் எங்கள் பாடசாலைக்குப் பத்துக் கொம்பியூட்டர்கள் வந்தன. கல்முனைக்குத் தெற்கே கரையோரம் இருந்த பழைய கட்டடம் அழிந்துபோக, வயல் பக்கமாகப் புதிதாகக் கட்டித் தந்திருந்தார்கள். நான் அப்போதுதான் நியமனம் பெற்று வந்த இங்கிலிஷ் டீச்சர். இன்டர்நெட் இணைக்கும்போது டெலிபோன் கீச்சிடும் சத்தத்துக்கு முப்பது பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். அதுவரை அவர்கள் சிரித்து நான் கேட்டதில்லை. வயற்காற்று யன்னலால் வரும். மணி அடித்தாலும் ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

கொம்பியூட்டர் தந்த வெளிநாட்டு நிறுவனமே இணையத்தில் இங்கிலிஷ் பாடமும் நடத்தியது. சேர்வதற்கு முழுப்பெயர், பிறந்த திகதி, விலாசம், போட்டோ எல்லாம் கேட்டார்கள். சுனாமியில் பிள்ளை யாரை இழந்தது என்று எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு, மூன்று நாள் இருந்து தட்டினேன். எந்த வீட்டிலும் அனுமதி கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறேன் என்ற சந்தோஷம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாயே திறக்கமாட்டாள். கொம்பியூட்டரில் மட்டும் எழுதுவாள். குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்ன இணையப் பயிற்சிக்கு, சுனாமியில் மௌத்தாகிப்போன உம்மாவைப் பற்றி இங்கிலிஷில் ஏழு வரி எழுதினாள். அலை அடித்தபோது உம்மாவின் கையைத் தான்தான் விட்டுவிட்டதாக அதில் இருந்தது. நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய வாப்பா வந்தார். சந்தையில் மீன் விற்கிறவர். சுத்தமான சேட்டு ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கட்டாரில் வேலை செய்யும் மச்சான் டெலிபோன் கோல் எடுத்தாராம். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் மகளின் போட்டோவும் பெயரும் ஊரும், கீழே அந்த ஏழு வரியும் இருக்கிறதாம். மச்சான் அதைத் தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

"கைய விட்ட கதைய அவ எனக்கே சொல்லல்ல டீச்சர். உங்களுக்கெண்டுதான் எழுதியிருக்கா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இதைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினால் கொம்பியூட்டர்களைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று பாடசாலை அதிபர் பயந்தார். ஆனாலும் நான் எழுதிய கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கம் அழிய ஐந்து வாரம் சென்றது. அதற்குள் நானே எல்லாப் பதிவுகளையும் திறந்து விலாசங்களை அழித்தேன். பெயர்களுக்குப் பதிலாக இலக்கம் போட்டேன். அதற்கு முன் அவை எங்கெங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அடுத்த கிழமை, பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசையருகே வந்து நின்றாள்.

"வாப்பா பள்ளிவாசல் மதிலிலிருந்து கண்டவராம் டீச்சர். நான் மரத்தப் பிடிக்கட்டுமெண்டு உம்மாதான் என்ட கைய விட்டாவாம்."

அவர் உண்மையிலேயே கண்டாரா, மகளுக்காகச் சொன்னாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் இன்னொரு நிறுவனம் படிவங்களோடு வந்தது. இம்முறை பெற்றோரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அரைவாசிக் கட்டங்களை வெறுமையாகவே விடச் சொன்னார்கள். நிறுவனத்தார் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் தடவை வெறுமையாக விட்டிருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள்.