மேட்டு மண்ணில் ஏது உப்பு?

இப்போது நினைத்தாலும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. எழுபதுகளின் நடுவில் நடந்த சமாச்சாரம். "இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விடவே மாட்டேன்.

அடையாற்றில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அப்பாவுக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம் எங்களுடையது. எம்.எஸ்ஸி. படித்த பெண் மண்ணைக் கையில் பிசைந்து சம்பளம் வாங்குவது எங்கள் கடைத் தெருவுக்கே வேடிக்கை. "ஏளா, வீட்டு வாசல்ல இல்லாத மண்ணா? பஸ் ஏறிப் போய்ப் பிசையணுமா?" என்று பெரியப்பா தினமும் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

என் அக்காவை மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு அங்கே மளிகைக் கடை. அக்காவுக்குக் கடையில் மனசு ஒட்டவில்லை. தன் வளையல்களை விற்று ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலம் வாங்க வைத்தாள். சாத்துக்குடித் தோட்டம் போடவேண்டும், அதுதான் அவள் ஆசை. வளையல் அவளுடையது, பத்திரம் அத்தான் பெயரில். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட.

அத்தானுக்கோ அந்த நிலத்தின் அடியில் இருக்கும் கருங்கல்லின் மேல் கண். ஜல்லி உடைக்கும் குவாரிக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. நல்ல மண் என்றால் தோட்டம், இல்லையென்றால் குவாரி. அக்கா மண்ணைப் பழைய தலையணை உறைகளில் கட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினாள். மேல் மண் ஒரு உறையில், அடி மண் இன்னொன்றில்.

அதைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கே பாறை பசால்ட். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கறுப்புப் பாறை. அந்தப் பாறை என்றாலே மேலே கரிசல்தான் இருக்கும் என்று பரீட்சைக்குப் படித்தவர்கள் எல்லாரும் ஒப்பிப்பார்கள். பள்ளத்தில் அப்படித்தான். மேட்டிலிருந்து வழிந்து வருகிற நுண்ணிய களியும் சுண்ணாம்பும் தங்குகிற இடம் பள்ளம். அங்கே மண் ஆழமாகக் கறுத்து, மழையில் உப்பி, கோடையில் பிளக்கும். மேடு அப்படியா? தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பாறையிலிருக்கும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறும். அதனால் மண் செம்பழுப்பு. முழங்கால் ஆழம்தான் இருக்கும், பரல் கலந்திருக்கும்.

"கோடையில வெடிப்பு விடுதாக்கா?"

"கீழ இருக்க கரிசக்காட்டுல காலே உள்ள போயிரும்ளா. எங்க மேட்டுல ஒரு கீறல் விழாது."

"தோண்டினா அடியில என்ன இருக்கு?"

"மக்கின கல்லு. முரம்னு சொல்லுவாங்க. கையால உடைச்சிரலாம்."

எனக்கு அது போதும். ஈரப்படுத்திய கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மண்ணின் நிறம் பார்க்கிற வண்ணப் புத்தகத்தின் சில்லுகளோடு ஒப்பிட்டேன். விரலிடுக்கில் பட்டையாக உருட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் வந்து அறுந்தது, களி அளவோடுதான் இருக்கிறது. அடி மண்ணில் நிறமும் கட்டியமைப்பும் தெளிவாக மாறியிருந்தன. அமெரிக்காவிலிருந்து புது வகைப்பாட்டு முறை வந்திருந்த சமயம் அது. அதன்படி கரிசல் 'வெர்டிசால்', தானே வெடித்துத் தானே புரளும் மண். அக்காவின் மண் 'இன்செப்டிசால்', இப்போதுதான் உருவாகத் தொடங்கியிருக்கிற இளம் மண். வடிகால் நன்று, முரத்துக்குள் வேர் இறங்கும், சாத்துக்குடிக்கு ஏற்றது என்று எழுதி மேலதிகாரியின் மேஜைக்கு அனுப்பினேன். உப்பு அளப்பது பக்கத்து அறையின் வேலை. இரண்டையும் சேர்த்து அறிக்கை போடுவது அதிகாரி. அக்கா நிம்மதியாக ஊருக்குத் திரும்பினாள்.

சில நாள் கழித்து அப்பா கடைக்கு அத்தானிடமிருந்து டிரங்க் கால். "அறிக்கை வந்திருச்சு மாமா. மண்ணு உவராம். பயிருக்கு ஆகாதுன்னு சீல் போட்டு அனுப்பியிருக்காங்க. குவாரிக்காரர்ட்ட பேசிட்டேன்."

உவரா! மேட்டு மண்ணில் ஏது உப்பு? ஒரு மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடுமே! மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிப் போன வேகத்தில் என் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனேன்.

அங்கே ஸ்டவ்வின் மேல் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டிய குடம் பக்கத்தில்.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"இன்னாம்மா தெரியாத மாரி கேக்கற? கார்ப்பரேசன் தண்ணி எங்க கீது? கொயாய்ல காத்துதான் வருது. வாலை ஓடணும்னா குளுர வெக்கத் தண்ணி வோணுமே. அதான் பின்னாடி கிணத்துத் தண்ணிய எடுத்துக் காய்ச்சி வடிகட்டி வெச்சிக்கினு கீறோம். பெர்ய சார்தான் சொன்னாரு" என்றார் அங்கிருந்த உதவியாளர். வாலை என்பது தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்து உப்பில்லாத நீர் இறக்குகிற கருவி; மண்ணைக் கலக்க அந்த நீர்தான் வேண்டும்.

அந்த வருஷம் சென்னை முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் வராது. சரி, வயிற்றுக்கு வராது. உப்பு எங்கே போகும்? கடலோரத்துக் கிணறு, வாயில் வைத்தாலே கரிக்கும். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறைந்து இன்னும் கரிக்கும். அந்தத் தண்ணீரில் மண்ணைக் கலக்கி உப்பு அளக்கிற கருவியை முக்கினால் முள் பாயாமல் என்ன செய்யும்? வெறும் தண்ணீரில் ஒருமுறை முக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் முக்கினேன். அடையாற்றுக் கிணற்று உப்புதான் அக்காவின் நிலத்து உப்பு!

சைதாப்பேட்டையில் பேட்டரிக் கடைக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றுகிற வாலைநீர் வாங்கிவந்தேன். மிச்சமிருந்த மண்ணை அதில் கலக்கி அளந்தேன். முள் சோம்பேறித்தனமாக ஒரு அசைவு அசைந்து நின்றது. நேரே அதிகாரியிடம் போனேன்.

"காய்ச்சி வடிகட்டினதும்மா. சுத்தமான தண்ணி. எங்க வீட்டுல குழந்தைக்கே அதைத்தான் குடுக்கிறோம்" என்றார்.

"குழந்தைக்குச் சரி சார். மண்ணுக்கு ஆகாது. அந்தத் தண்ணியிலயே உப்பு இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "பசால்ட்டுல சோடியம் இருக்கும். உவர்ப்பு வர்றது சகஜம்தான். அனுப்பின அறிக்கையைத் தப்புன்னு நாமே சொன்னா, இதுவரைக்கும் போனதையெல்லாம் திருப்பிக் கேட்பாங்க. உன் அக்கா நிலம்கறதால துடிக்கிறே. உணர்ச்சிவசப்படாதேம்மா."

துடிக்கத்தானே செய்வேன்! அக்கா நிலம் என்பதால்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற நிலங்களுக்கு யார் துடித்தார்கள்? கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். கூடம் முழுக்க எட்டிப் பார்த்தது. "வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது.

அன்றைக்கே தந்தி அடித்தேன். மண்ணில் உப்பில்லை, அறிக்கை தவறு, விற்காதீர்கள் என்று. அத்தான் அதைப் படித்துவிட்டு, "சீல் போட்ட கடுதாசியை நம்பவா, கொழுந்தியா தந்தியை நம்பவா?" என்றாராம். குவாரிக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா பட்டினி கிடந்தாளாம், கதவைச் சாத்திக்கொண்டாளாம். எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவளே கடைக்கு டிரங்க் கால் போட்டாள். கல் எடுக்கவேண்டுமானால் முதலில் மேல் மண்ணை வழிக்கவேண்டும். மேட்டை மொத்தமாக வழித்துவிட்டார்கள் என்றாள். லைனில் இரைச்சல். அழுகிறாளா இல்லையா என்று புரியவில்லை.

"அந்த மண்ண எங்கக்கா கொட்டினாங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அந்தக் குவாரிக்காரன் வீட்டுத் தோட்டத்துல. லாரி லாரியா கொண்டுபோய்ப் பரப்பி, சாத்துக்குடி நட்டிருக்காம்ளா. நான் போய்க் கேட்டேன். 'நல்ல மண்ணு தங்கச்சி, அதை வீணாக்கலாமா?'ன்னு என்கிட்டயே சொல்றான்."