ரஜா பேக்கு

இந்த ஊரில் நான் கன்னடத்தில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. இன்று காலையும் எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில், மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் "ஒந்து டிக்கெட் கொடி" என்றேன். கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எங்கம்மா எறங்கணும்?" என்றார். என் கன்னடத்தில் எந்த எழுத்து காட்டிக்கொடுக்கிறது என்று பன்னிரண்டு வருடமாகப் பிடிபடவில்லை. விழுப்புரம் போனால் கதை தலைகீழ். போன பொங்கலுக்குக் காய்கறிக் கடையில் "அரை கிலோ தக்காளி பேக்கு" என்று சொல்லிவிட்டேன். கன்னடத்தில் அது 'வேண்டும்'. கடைக்காரர் தராசைக் கீழே வைத்து, "யாரும்மா பேக்கு?" என்றார். கூட வந்த அக்கா, "பெங்களூர் போயி இவதான் பேக்காயிட்டா, நீங்க போடுங்க" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சொல் இப்போது சிரிப்பாக இல்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். நாற்பத்தாறு வயதில் நான் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டி. இந்தப் பருவத்தில் நாங்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஏதாவது தன்னார்வப் பணி செய்யவேண்டும். எங்கள் குழுவுக்கு வந்தது ஒரு தொலைபேசிச் சேவை. துப்புரவு, காவல், தோட்டம் பார்க்கும் ஒப்பந்த ஊழியர்கள் தங்கள் மொழியில் பேசினாலே இயந்திரம் விடுப்பைப் பதிந்துகொள்ளும். அதற்கு அவர்கள் குரல்களைச் சேகரித்து, ஒவ்வொரு வாக்கியமும் தமிழா, கன்னடமா, ஹிந்தியா என்று குறிக்கவேண்டும். கலந்திருந்தால் நீக்கிவிட வேண்டும். நல்ல காரியம் என்றுதான் பெயர் கொடுத்தேன்.

நூலகக் கட்டடத்தைத் துடைக்கும் ஸ்டெல்லாவோடு அப்படித்தான் பழக்கமானேன். பெங்களூரில் தமிழர்கள் அதிகமுள்ள மர்பி டவுனில் பிறந்தவர், அங்கேயே இருப்பவர். மகனுக்கு வலிப்பு உண்டு, எப்போது வரும் என்று சொல்லமுடியாது. அடுத்த மாதம் முதல் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லும் விடுப்பு செல்லாது, போனில் பதியாமல் இன்னொரு நாள் வராவிட்டால் வேலை இல்லை என்று அவரை ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு ரஜா பேக்கு. புள்ளைக்கு ஜ்வரா ஜாஸ்தி, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அக்கா, தமிழ்லயே சொல்லுங்க. விடுப்பு வேண்டும்னு."

"விடுப்பா? அது என்னா மேடம்?"

"சரி, லீவுன்னு சொல்லுங்க."

"லீவு இஸ்கூலுக்கு மேடம். வேலைக்கு ரஜாதான். இருவது வருசமா சூப்பர்வைசருகிட்ட இதத்தான் சொல்றேன், ஒரு நாளாவது எனக்குப் புரியலைன்னாரா?"

நான் அந்த வாக்கியத்தைத் தமிழ் என்றே குறித்தேன். எங்கள் குழுவை நடத்தும் நிஹாரிகா போபால்காரப் பெண், இருபது வயது, நல்ல பிள்ளை. மறுநாள் அதை நீக்கியிருந்தாள். போய்க் கேட்டேன்.

"ஆன்ட்டி, மிக்ஸ்டு மீன்ஸ் ரிஜெக்ட்."

இருபது வருடமாக அவர் இப்படித்தான் பேசுகிறார் என்றேன். அப்படியானால் கன்னடத்தில் பேசட்டுமே என்றாள். இது கன்னடமும் இல்லை என்றேன். "தென் வாட் இஸ் இட், ஆன்ட்டி?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. திரையில் கட்டங்களைத் திறந்துவைத்துக்கொண்டு, எதில் போடுவது என்று நிஜமாகவே என்னைக் கேட்டாள். பேராசிரியரிடமும் போனேன். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்.

சேவை தொடங்கியதும் ஸ்டெல்லாவை உட்காரவைத்து, "எனக்கு விடுப்பு வேண்டும்" என்று சொல்லப் பழக்கினேன். ஜெபம் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, "புள்ள கையக்கால இழுத்துக்கினு கெடக்கறப்ப இது எனக்கு ஞாபகம் வருமா மேடம்?" என்றார். என் எண்ணைக் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை விடியும்போது அழைத்தார். பின்னால் ஆட்டோ சத்தம். "மேடம், மறுபடி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களே சொல்லிடுங்க." ஊழியர் எண்ணை மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இரண்டு முறை புரியாவிட்டால் அந்த ஊழியர் எண்ணுக்கு இயந்திரம் அன்று கதவைச் சாத்திவிடும். சேவையை அழைத்து அந்த எண்ணை அழுத்தினேன். பேசுங்கள் என்றது. அந்த ஆட்டோ சத்தம் காதில் இருந்தது, வாய் தானாகத் திறந்தது.

"இன்னைக்கு ரஜா பேக்கு."

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்து மேடையில் நின்று பேசிய தமிழை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு எழுத்தாக, "எனக்கு இன்று விடுப்பு வேண்டும்" என்றேன்.

"பதிவு செய்யப்பட்டது. நன்றி, ஸ்டெல்லா."

பால்கனியில் போனைப் பிடித்தபடி நின்றேன். கீழே கம்பெனி வண்டிகள் புறப்பட ஆரம்பித்திருந்தன. பால்காரர் என்னைப் பார்த்து, "மேடம், ஹாலு எஷ்டு பேக்கு?" என்று சத்தம் போட்டார். அரை லிட்டர் என்று சொல்லவேண்டும். எந்த மொழியில் என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. விரலால் பாதி என்று காட்டினேன்.