பாங்கு நேரத்தில் குறையும் தண்ணீர்

பிரதேச சபையின் தண்ணீர்த் தாங்கிகளைக் கழுவுவது றஹ்மத்தும்மாவின் வேலை. ஒல்லியான உடம்பு. தாங்கியின் வாய்க்குள் இறங்கி, பாசியைத் தேய்த்து, மருந்து போட்டுவிட்டு வெளியே வருவார். கீழே நின்று வாளி எடுத்துக் கொடுப்பது நான். பல வருசமாக அப்படித்தான்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் சுஹைரில் இருந்துதான் தொடங்க வேண்டும். சுஹைர் அவருடைய மூத்த சகோதரன். இவர் ‘நானா’ என்பார். தொண்ணூறில், இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றுவதற்குக் கொஞ்சம் முன்னர், விசாரணை என்று சுஹைரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. அவர் இல்லாமலே குடும்பம் புத்தளம் போனது. தாயும் தகப்பனும் அங்கேயே மௌத்தாகிவிட, றஹ்மத்தும்மா மட்டும் திரும்பி வந்தார். பிறந்த வீட்டில் சுவர்தான் மிச்சம். பக்கத்துத் தெருவில் ஒரு அறையில் இருக்கிறார்.

“நானா வந்து தேடினால் ஒரு ஆள் இருக்க வேணுமெல்லோ, பராசக்தி,” என்று ஒருநாள் தாங்கிக்குள் இருந்து என்னிடம் சொன்னார். அந்தக் குரல் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

முன்பு தண்ணீர் முடிந்தால் சனம் சபைக்கு வந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் வண்டி, அந்தப் பவுசர், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இப்போது தாங்கிக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்கக் சபைக் கந்தோரில் கணினித் திரையில் ஒரு கோடும் இறங்கும். ஒருவரும் கேட்காமலே பவுசர் புறப்பட்டுவிடும். சனத்துக்கு அது பெரிய உதவி.

றஹ்மத்தும்மா பிறந்த வீடு இருந்த பழைய ஒழுங்கையிலும் ஒரு தாங்கி வைத்தார்கள், திரும்பி வருகிற குடும்பங்களுக்கென்று. வந்தவர்கள் நிலைக்கவில்லை. அங்கே இப்போது யாரும் இல்லை. ஆனால் கோடு இறங்கியது.

திரையைக் கவனிக்கிற கோபிசங்கர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். படிக்கட்டு மாதிரி ஒரு கோடு. ஒவ்வொரு நாளும் அதே அதே நேரத்தில் சின்ன இறக்கம்.

“ஒழுக்கெண்டால் சரிஞ்சு வரும். இது ஆரோ வந்து வந்து எடுக்கிற மாதிரிக் கிடக்கு. பேய்க்கும் தண்ணி விடாய்க்குமோ, அக்கா?”

“உமக்குப் பகிடி, தம்பி,” என்ற றஹ்மத்தும்மா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்: “எல்லாம் பாங்கு சொல்லுற நேரம், பராசக்தி. தொழமுன்னம் கைகால் கழுவுற அளவுதான் குறையுது.”



போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னார் கோபிசங்கர். ஆள் இருந்தால் தாங்கி அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் குளத்தடிக் குடியிருப்புக்கு மாறும். குளத்தடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுன் தண்ணீர்க் கான் தூக்கிக்கொண்டு நடப்பதை நாங்கள் இருவரும் கண்டிருக்கிறோம்.

மத்தியானம் போனோம். ஒழுங்கை வெயிலில் வெளிறிக் கிடந்தது. காகம்கூடக் கத்தவில்லை. றஹ்மத்தும்மா தாங்கியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. கொண்டு வந்த தண்ணீரைத் தகரப் பேணியில் ஊற்றிக் குடித்துவிட்டு, அந்தப் பேணியைத் தாங்கியின் சீமெந்துக் கட்டில் நிமிர்த்தி வைத்தார். எதிரே இடிந்த சுவரின் நிழலில் இருந்தோம். தூரத்தில் பாங்கு கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சந்நிதி முருகனை நினைத்துக் கண்ணை மூடினேன்.

றஹ்மத்தும்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கோபிசங்கரின் குரல்.

“இப்ப இறங்குது, அக்கா. ஆர் நிக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை, தம்பி. பைப்புக்கு நேரைதான் நாங்கள் இருக்கிறம்.”

நான் கண்ணைத் திறந்தேன். பேணி கவிழ்ந்திருந்தது. காற்று ஒரு பொட்டும் இல்லை. விரலால் காட்டினேன். அவர் எழும்பவில்லை.

“பேணியைக் கவிழ்த்து வை எண்டு உம்மா ஏசுவா,” என்றார் மெல்ல. “நான் கேக்கிறேல்லை. நானாதான் எனக்குப் பின்னாலை வந்து கவிழ்ப்பார்.”

கோபிசங்கர் இன்னும் போனில் இருந்தார். “ஆள் எடுக்குது எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, அக்கா. தாங்கி உங்கையே இருக்கட்டும்.”

றஹ்மத்தும்மா பேணியையே பார்த்தபடி இருந்தார். உதடு ஏதோ ஓதியது.

“என்ரை கண் ஆரையும் காணேல்லை, தம்பி. காணாததைக் கண்டனான் எண்டு சொல்ல ஏலாது. அந்தப் பிள்ளையளுக்குக் குடுங்கோ.”

தாங்கி குளத்தடிக்குப் போய்விட்டது. அங்கே கோடு நாள் முழுக்க இறங்குகிறது. பிள்ளைகள் இப்போது வெறுங்கையோடு வந்து முகம் கழுவுகிறார்கள்.

பழைய ஒழுங்கையில் சீமெந்துக் கட்டு மட்டும் மிச்சம். றஹ்மத்தும்மா ஒவ்வொரு நாளும் வேலைக்கு வரும் வழியில் அங்கே ஒரு கான் தண்ணீரும், பக்கத்தில் நிமிர்த்திய பேணியும் வைக்கிறார். திரும்பும்போது சில நாள் நானும் கூடப் போவேன். தண்ணீர் குறைந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. பேணியைத்தான் பார்ப்பார். நிமிர்ந்தபடி இருந்தால், “இண்டைக்கு நானாவுக்கு வேறை எங்கையோ அலுவல் போல,” என்பார்.

கவிழ்ந்திருந்தால், அதை மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டு வருவார்.